அடியடுக்கில் இருந்த மாதுளை

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! மழையையும் மண்ணையும் நம்பியே தலை நரைத்த மூத்தோர்களே! பழம் பறித்த கையோடு ஓடோடி வந்திருக்கும் தாய்மார்களே! மாதுளை ஏற்றுமதிக் குழுவின் செயலாளராகிய நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பாராட்டுக் கூட்டம் என்றீர்கள், மாலை போட்டீர்கள். மன்னியுங்கள், அதைக் கழற்றி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் எழுந்தேன்.

கடல் கடந்த சந்தையில் நம் கனி விலைபோக வேண்டும் என்று அரசு என்ன செய்தது? கண்காட்சிக் கடை வாடகையில் பாதி, விமானக் கூலியில் பாதி, விளம்பரச் செலவில் பாதி தந்தது. மீதிப் பாதி நீங்கள் தந்தது. ஊராரின் வரிப்பணமும் உங்கள் வியர்வைப் பணமும் சேர்ந்து என்னை அந்த வெளிநாட்டுக் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்தின.

முதல் நாளே, பதினாறு பழக்கடைகளுக்குச் சொந்தக்காரரான அந்நாட்டு அம்மையார் ஒருவர் வந்தார். ஒரு பழத்தை உடைத்துக் கொடுத்தேன். முத்தா அது? மாணிக்கமா? வாயில் போட்டவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை! அடுத்து அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பழப்பெட்டியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்துவிட்டார்.

மேலடுக்கு மாணிக்கம். அடியடுக்கு? வெடித்த பழம், வெம்பிய பழம், எலுமிச்சை அளவுக்குச் சூம்பிய பழம்!

அவர் ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னம்மா சொல்றாங்க?"

"மேல இருக்கறது உங்க பழம், அடியில இருக்கறது யாரோட பழம்னு கேக்கறாங்கம்மா."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

யாரது பின்வரிசையில், "கட்டினவன் யாரு?" என்பது? மறைக்கவா வந்தேன் ஐயா? பெட்டி கட்டியது என் கொட்டகை; கட்டியவன் என் உடன்பிறந்த தம்பி! தொலைபேசியில் கத்தினேன், "ஏன்டா இப்படிப் பண்ண?" என்று.

"என்னக்கா புதுசா கேக்குற? மண்டிக்கு எப்பவும் இப்படித்தானே அடுக்குவோம்? எவன் கவுத்துப் பாக்கறான்?"

அவன் குரலில் துளி உறுத்தல் இல்லை, தாய்மார்களே! அதுதான் என்னை அதிரவைத்தது. ஏனென்றால், அவனுக்கு அப்படி அடுக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

கொண்டுபோன பன்னிரண்டில் மிச்சப் பதினோரு பெட்டிகளையும் அங்கேயே கவிழ்த்தேன். நல்லது ஒருபுறம், சொத்தை ஒருபுறம் என்று எல்லோரும் பார்க்கப் பரப்பினேன். மூன்று நாள் நின்றேன். சிரித்தவர் உண்டு, முகம் சுளித்தவர் உண்டு. கடைசி நாள் அந்த அம்மையார் திரும்பி வந்தார். "நூறு பெட்டி அனுப்புங்க. ஒன்னு விடாம கவுத்துப் பாப்பேன்" என்றார். நீங்கள் கொண்டாடும் வெற்றி இவ்வளவுதான்!

அரசு வாடகையில் பாதி தரும். கூலியில் பாதி தரும். நாணயத்தில் பாதி தருமா? தரத்தான் முடியுமா? அதை முழுதாய்ப் போட வேண்டியவர்கள் நாம் அல்லவா? உள்ளூர் மண்டிக்காரர் மட்டும் என்ன பாவம் செய்தார்? அவருக்கும் இனி ஒரே பழம்தான், மேலும் கீழும்!

நாளைக் காலை ஏழு மணிக்கு அந்த நூறு பெட்டிகளும் என் கொட்டகையில் கட்டப்படும். "நானே அடுக்கறேன்க்கா, ஊரே வந்து பாக்கட்டும்" என்று நேற்று அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான் தம்பி. வாருங்கள்! எதை வேண்டுமானாலும் கவிழ்த்துப் பாருங்கள்!

கசப்பைச் சொன்னபோதும் எழுந்து போகாமல் கேட்ட உங்கள் பெருந்தன்மைக்கு என் நன்றி. கைகூப்பி விடைபெறுகிறேன், வணக்கம்.