ஓட்டு போடாதவன் வூட்டு அடுப்பு

லூர்து: இன்னொரு தபா போடு.

ஜானட்: எத்தினி தபாய்யா... காலையிலேர்ந்து எட்டு தபா பாத்துட்ட. போன் சுடுது.

லூர்து: போடுமே. அந்த ஓரத்துல பச்சையா தெரியுதே, அது என் சட்டைதான?

ஜானட்: ஆமா. உன் தோளு.

லூர்து: தோளு... பதினோரு நிமிஷம் பேசிகீறேன். தோளு மட்டும் வந்துகீது.

ஜானட்: டி.வி.காரங்க வெட்டிட்டாங்க. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?

லூர்து: மாநில உரிமை பேசினேன். வரிப்பணம் பேசினேன். டெல்லியில யார் எப்போ குந்தினான், யார் எப்போ கவுந்தான்னு வருசத்தோட சொன்னேன். மைக் புடிச்ச பொண்ணு தலையை தலையை ஆட்டிச்சு.

ஜானட்: காசிமேட்ல வந்து நின்னா ஈ மொய்க்கும். ஆட்டாம இன்னா பண்ணும்?

லூர்து: நக்கலு... கேள்வியை என்கிட்டதான் மொதல்ல கேட்டாங்க. நாடு ரெண்டா பிரிஞ்சி அடிச்சிகினு கீதே, இதுக்கு எப்படிப்பட்ட தலைவர் வேணும்னு. நீ பக்கத்துல குந்திகினு வஞ்சிரம் வெட்டிகினு இருந்த.

ஜானட்: நான் பேசறேன்னு சொன்னேனா? உன் பேச்சை எப்படி நிறுத்தறதுன்னு தெரியாம அந்தப் பொண்ணு மைக்கை என் பக்கம் திருப்பிச்சு.

லூர்து: இப்போ எத்தினி பேர் பாத்துகீறாங்க?

ஜானட்: நாலு லட்சம்னு போட்டுகீது.

லூர்து: காலையில மூணுதான இருந்துச்சு.

ஜானட்: நீ எட்டு தபா பாத்தல்ல. அதையும் சேத்துகினாங்க போல.

லூர்து: இருபத்தாறு வருசமா கட்சியில கீறேன் ஜானட்டு. கொடி கட்டிகீறேன், போஸ்டர் ஒட்டிகீறேன், ஜெயிலுக்குப் போய்கீறேன்—

ஜானட்: கல்யாண மண்டபத்துல வெச்சிருந்து சாயங்காலம் உட்டுட்டாங்க. பிரிஞ்சி சோறு வேற குடுத்தாங்க.

லூர்து: அது கைதுதான். கணக்குல வரும்.

ஜானட்: சரி. வரும்.

லூர்து: நீ இதுவரைக்கும் ஒரு கூட்டத்துக்கு வந்துகீறியா? பேப்பர் படிக்கறியா? பேப்பர்ல மீன் கட்டிக் குடுக்கறதோட சரி. அப்படியாப்பட்ட நீ ஒத்த வரி சொல்லிகீற... ஊரே பாத்துகினு கீது. நம்ம கட்சி குரூப்புல போட்டு, எங்க தலைவரைத்தான் சொல்லுதுன்றான். அவங்க கட்சி குரூப்புல போட்டு, எங்க தலைவரைத்தான் சொல்லுதுன்றான். என் பேச்சை ஒருத்தனும் போடல.

ஜானட்: வயிறு எரியுதா?

லூர்து: எரியுது. இன்னான்ற இப்போ?

ஜானட்: ஒண்ணியும் சொல்லல. மோர் குடிக்கறியா?

லூர்து: மோர் வாணாம். நீ சொன்னதை இன்னொரு தபா சொல்லு. இன்னா அர்த்தத்துல சொன்னன்னு எனக்குத் தெரியணும்.

ஜானட்: அதான் எட்டு தபா கேட்டுகீறியே. "தனக்கு ஓட்டு போடாதவன் வூட்டு அடுப்பு எரியுதான்னு மொதல்ல போய் பாக்கறவன்தான் தலைவன். அப்படி ஒரு ஆளை எங்க தெருவுல நான் பாத்துகீறேன்." இதுல அர்த்தம் இன்னா கீது?

லூர்து: தப்பு.

ஜானட்: இன்னா தப்பு?

லூர்து: நாடுன்னா நம்ம தெருவுன்னு நெனச்சிகினியா? எல்லையில சண்டை கீது, வெளிநாட்டுக்காரன்கிட்ட பேசணும், விலைவாசியைப் புடிச்சி வெக்கணும்...

ஜானட்: அதுக்கெல்லாம் படிச்ச ஆபீஸருங்க கூடவே நிக்கறாங்களே. அடுப்பு எரியுதான்னு பாக்க எந்த ஆபீஸரு வரான்?

லூர்து: சரி, அதை உடு. வெயில்ல க்யூவுல நின்னு ஒருத்தன் ஓட்டு போட்டான். அவன் இன்னா இளிச்சவாயனா? அவனை உட்டுட்டு, எதிர்க்கட்சிக்காரன் வூட்ல போய் எட்டிப் பாத்தா... அடுத்த தபா யார் போடுவான் ஓட்டு?

ஜானட்: ...அது கேக்க வேண்டிய கேள்விதான்.

லூர்து: ஆங். பதினோரு நிமிஷத்துல இதையும் சொன்னேன்.

ஜானட்: ஆனா ஜெயிச்சப்பறம் அந்தாளு பாதி நாட்டுக்கா தலைவரு, மொத்த நாட்டுக்குமா?

லூர்து: மொத்தத்துக்கும்தான்.

ஜானட்: அப்போ மீதிப் பாதி இன்னா பண்ணும்? படகை எடுத்துகினு கடலுக்குப் பூடுமா? நம்ம தெருவைப் பாரு. முன் சந்து ஒரு கட்சி, பின் சந்து ஒரு கட்சி. மாதா கோயில்ல பூசைக்கு வந்தாக்கூட ரெண்டு பக்கமா பிரிஞ்சி குந்தறாங்க. என்கிட்ட ரெண்டு பக்கமும் மீன் வாங்குது. நான் எந்தப் பக்கம் குந்துவேன்?

லூர்து: ரெண்டு பக்கமும் பாக்கறேன்னு போறவனை ரெண்டு பக்கமும் உதைப்பாங்கமே. உதை வாங்கினவனுக்குத்தான் தெரியும்.

ஜானட்: தெரியும். அதான் ஒருத்தனும் வர்றதில்ல.

லூர்து: ...யாரு அது?

ஜானட்: எது?

லூர்து: டபாய்க்காத. "அப்படி ஒரு ஆளை எங்க தெருவுல பாத்துகீறேன்." யார் அந்த ஆளு?

ஜானட்: இதுக்குத்தான் காலையிலேர்ந்து சுத்தி சுத்தி வந்தியா?

லூர்து: சாலமன் தானா?

ஜானட்: ஏன், சாலமன் நல்லவன் இல்லியா?

லூர்து: அவன் எதிர்க்கட்சி.

ஜானட்: அதான் கேக்கறேன். உனக்கு நெஞ்சு வலி வந்தப்போ உன்னைத் தூக்கி ஆட்டோவுல போட்டது யாரு? உன் கட்சிக்காரனுங்களா?

லூர்து: ஆட்டோக்காரன் அவன். போடாம இன்னா பண்ணுவான்? காலையில அந்த வீடியோவைத் தூக்கி அவன் ஸ்டேட்டஸ்ல வெச்சிகீறான். அதுக்குக் கீய ரெண்டு கும்பிடு படம் வேற. தெரு பூரா, அது சாலமனைத்தான் சொல்லுதுன்னு பேசிகினு கீறாங்க. நான் டீ குடிக்கப் போனா, டீக்கடைக்காரரு என்னைப் பாத்து சிரிக்கறாரு.

ஜானட்: அவரு எப்பவும் சிரிப்பாரு.

லூர்து: உன்னைப் பொண்ணு பாக்க மொதல்ல வந்தவன் அவன்தான்.

ஜானட்: அய்யே... முப்பது வருசம் ஆயிடுச்சுய்யா. வந்தான், பஜ்ஜி துன்னான், போனான்.

லூர்து: ஏயு பஜ்ஜி துன்னான்னு நீதான் சொன்ன. எண்ணிகினு இருந்துகீற.

ஜானட்: எங்கம்மா எட்டுதான் போட்டுச்சு. எனக்கு ஒண்ணு மிஞ்சிச்சு. எண்ணாம இன்னா பண்ணுவேன்?

ரெஜி: அக்கா... ஜானட்டக்கா கீறாங்களா?

லூர்து: நான் கீறேன். வா ரெஜி.

ரெஜி: நல்லதுண்ணா. அக்கா எங்க?

ஜானட்: உள்ளதான் கீறேன். வட்டச் செயலாளரே நம்ம வூட்டுப் படி ஏறிட்ட. இன்னா விசயம்?

ரெஜி: இன்னாக்கா இப்படி சொல்ற. பதவி மூணு வருசமாத்தான். முன்னாடி அண்ணன்தான இருந்தாரு. மாவட்டச் செயலாளரே போன் பண்ணாருக்கா. ஞாயித்துக்கிழமை கூட்டம். மேடையில உனக்கு சேர் போட்டாச்சு.

லூர்து: சேரா?

ரெஜி: முன் வரிசைண்ணா. அக்கா, அந்தக் கட்சிக்காரங்களும் வந்து கூப்பிடுவாங்க, போயிடாத. மேடையில ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும். நீ பாத்த அந்த ஆளு நம்ம கட்சிக்காரருன்னு சொல்லணும். பேரோட சொன்னா இன்னும் சோக்கா இருக்கும்.

ஜானட்: பேர் சொல்லியே ஆவணுமா?

ரெஜி: சொன்னாத்தான்க்கா எடுபடும். நம்ம அண்ணனைப் பத்திகூட பேசினாரு. அக்கா ஒயுங்கா பேசிட்டா, லூர்துவுக்கு ஒரு பதவி பாத்து குடுத்துடலாம்னாரு. மூணு வருசமா சொம்மாதான கீறாரு.

லூர்து: அப்படியே சொன்னாரா? என் பேரைச் சொன்னாரா?

ரெஜி: பேரு ஞாபகம் வரலண்ணா அவருக்கு. அந்த மீன்காரம்மா வூட்டுக்காரருன்னு சொன்னாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். சரிக்கா, காரு நாலு மணிக்கு வரும். வர்ட்டா?

ஜானட்: தண்ணி குடிச்சிட்டுப் போ.

ரெஜி: இல்லக்கா, வேலை கீது. வரேண்ணா.

லூர்து: மேடையில சேரு... இருபத்தாறு வருசத்துல எத்தினி கூட்டத்துக்கு நான் சேர் எடுத்துப் போட்டிருப்பேன். ஒரு தபா மேல ஏறு லூர்துன்னு ஒருத்தன் சொன்னதில்ல. மீன்காரம்மா வூட்டுக்காரரு. அதான் என் பேரு இப்போ.

ஜானட்: நான் கேக்கலய்யா அந்த சேரை.

லூர்து: கேக்காத உனக்குத்தான வருது. அதான் பேஜாரா கீது. ஜானட்டு... நான் ஒண்ணு கேக்கறேன். பதவி வந்தா வருது, வராங்காட்டி போவுது. நீ மேடையில ஏறி சாலமன் பேரை மட்டும் சொல்லிடாத. அப்பால நான் தெருவுல தலை காட்ட முடியாது. கெஞ்சி கேக்கறேன்.

ஜானட்: சாலமன் இல்லய்யா.

லூர்து: அப்போ யாரு? பின் சந்து தவசிமுத்துவா?

ஜானட்: அவன் தன் வூட்டு அடுப்பையே பாக்க மாட்டான்.

லூர்து: பின்ன யாருமே... சொல்லித் தொலையேன்.

ஜானட்: நீதான்யா.

லூர்து: சொம்மா ஆறுதலுக்கு சொல்லாத.

ஜானட்: ஆறுதல் இல்ல. மூணு வருசம் முன்னாடி மயைத் தண்ணி ஊருக்குள்ள வந்துச்சே. கட்சியிலேர்ந்து லாரில அரிசி வந்துச்சு. நம்மாளுங்களுக்கு மட்டும் குடுன்னு மேல சொல்லிட்டாங்க. நீ லாரியில ஏறி மைக்கைப் புடிச்சி, ஓட்டு போடாத பின் சந்து ஜனத்துப் பேராப் பாத்து படிச்ச. ஒவ்வொருத்தரா வந்து வாங்கினு போனாங்க. மறுநாளே உன் பதவியைப் புடுங்கி ரெஜிகிட்ட குடுத்தாங்க. நீ ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் பொண்ணு தலைவர்னு கேட்டதும் எனக்கு அதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. காலையிலேர்ந்து உனக்கே தோணலியா?

லூர்து: தோணல.

ஜானட்: எப்படிய்யா தோணாம பூடும்?

லூர்து: ஜானட்டு... மேடையில என் பேரை சொல்லாத.

ஜானட்: ஏன்? பதவி வருது. உன்னையும் மேடைக்குக் கூப்பிடுவாங்க. இதுக்குத்தான ஏங்கிகினு கெடந்த.

லூர்து: நான் அந்த ஆளு இல்லமே.

ஜானட்: நான்தான் கண்ணால பாத்தேனே.

லூர்து: பாத்த. உள்ள இன்னா நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. பூத்து வேலைக்கு வோட்டர் லிஸ்ட்டைப் பிரிச்சி ரெண்டு கட்டா கட்டி வெச்சிருப்பேனே... நமக்குப் போடறவங்க ஒரு கட்டு, போடாதவங்க ஒரு கட்டு. அன்னிக்குப் பையில நம்மாளுங்க கட்டுதான் வெச்சேன். லாரியில ஏறி படிக்க ஆரம்பிச்சேன். மொத பேரு பின் சந்து தஸ்னீம். சரி, ரெஜி நம்ம கட்டுல புதுசா சேத்துகீறான் போலன்னு நெனச்சேன். ரெண்டாவது தவசிமுத்து. மூணாவது சாலமன் அம்மா. அப்போதான் புரிஞ்சுது, கட்டு மாறிப்போச்சுன்னு.

ஜானட்: அப்பறம் ஏன்யா படிச்ச?

லூர்து: தஸ்னீம் கொயந்தையைத் தோள்ல தூக்கிகினு இடுப்புத் தண்ணில வந்து நின்னுடுச்சு. சாலமன் அவன் அம்மாவைத் தூக்கிகினு வரான். மைக்ல பேரைக் கூவிட்டு, உனக்கு இல்ல போன்னு எப்படி சொல்றது? வெக்கமா பூடுச்சு. அந்த வெக்கத்துல நூத்தி நாலு பேரையும் படிச்சேன். பெரிய மனசெல்லாம் இல்லமே. தப்பு நடந்துபோச்சு, நான் மாட்டிகினேன். அவ்ளோதான்.

ஜானட்: என்கிட்டகூட சொல்லல நீ.

லூர்து: எப்படி சொல்லுவேன்? அன்னிக்கு ஈரத் துணியோட வூட்டுக்கு வந்தப்போ நீ என்னை ஒரு மாதிரி பாத்த. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படி நீ பாத்ததில்ல. பதவி போனா போவுதுன்னு இருந்துச்சு. அந்தப் பார்வையை உட மனசு வரல... காலையிலேர்ந்து அந்த வீடியோவுல நீ சொல்ற ஆளு மேல எனக்கு அவ்ளோ பொறாமை. இப்பவும் கீது. ஏன்னா அது நான் இல்ல.

ஜானட்: கட்டு தானா மாறலய்யா. உன் பையில மாத்தி வெச்சது நான். பின் சந்துல ரெண்டு நாளா ஒரு வூட்லயும் அடுப்பு எரியல, நம்மாளுங்க மாடியில பத்திரமா இருந்தாங்க. உன்கிட்ட கேட்டா கட்சி உடாதும்ப. உன் பதவி போனது என்னாலதான்னு மூணு வருசமா சொல்ல வாய் வரல... மூணாவது பேர்ல உனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு உன் மூஞ்சியிலயே கண்டுகினேன். அத்தோட நிறுத்திடுவன்னு நெனச்சி, தண்ணில நின்னுகினு மாதாவை வேண்டிகினேன். நீ நூத்தி நாலு பேரையும் படிச்சய்யா.