இடது ஓரம்

தம்பி: இந்தப் புது ஆப்ல அழிக்கிற பொத்தானைக் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான்க்கா. போன்ல ஒருதரம், லேப்டாப்ல ஒருதரம்.

அக்கா: உங்க ஆபீஸ்ல இதுக்கெல்லாம் ஆள் கிடையாதா? ரெண்டரைக்கு நான் ஸ்கூல் வேனை எடுக்கணும்டா.

தம்பி: அஞ்சு நிமிஷம். முதல்ல போன்.

அக்கா: ம்... கீழ வரிசையா நாலு படம். குப்பைத்தொட்டி... அழிச்சாச்சு. இதுக்குப் போயா உனக்குச் சம்பளம் தர்றாங்க?

தம்பி: போன்ல இடம் கம்மி. அதான் இந்தப் பட வரிசையை, டூல்பாரை, கீழ, கட்டைவிரலுக்கு எட்டுற மாதிரி வைக்கிறோம். அடிக்கடி வேணுங்கிற நாலு மட்டும் வெளிய. மிச்சம் அந்த மூணு புள்ளிக்குள்ள. படிச்சுக்கிட்டே போனா அதுவே ஒதுங்கிக்கும், அப்புறம்...

அக்கா: தானா வந்து நிக்கும். உங்க மாமா மாதிரி. வேலைன்னா ஒதுங்கிடுவார், சாப்பாடுன்னா வந்துடுவார்.

தம்பி: இப்போ லேப்டாப். இதுல இடம் தாராளம், எதையும் ஒளிக்க வேண்டியதில்ல. எல்லாமே பேரோட வெளியவே நிக்கும். பாரு.

அக்கா: ...

தம்பி: அவசரமில்ல.

அக்கா: மேல இல்ல. கீழயும் இல்ல. மவுஸை உருட்டினா வருமா?

தம்பி: அது எங்கயும் போகாதுக்கா. அங்கயேதான் இருக்கு.

அக்கா: எங்கடா? வெறும் வெள்ளையா இருக்கு.

தம்பி: சரி, மாத்திட்டேன். இப்போ?

அக்கா: இதோ, வலது பக்கம். எட்டு படம், பேரோட. முதல்லயே இப்படி வைச்சிருந்தா...

தம்பி: மறுபடி மாத்துறேன்.

அக்கா: ...போயிடுச்சு.

தம்பி: போகலக்கா. இடது ஓரத்துல இருக்கு. அதே எட்டு, அதே அளவு. தலையைத் திருப்பிப் பாரு.

அக்கா: ...ம். இருக்கு. இவ்வளவு மங்கலா வைச்சா யாருக்குத் தெரியும்?

தம்பி: வெள்ளை மேல கருப்புக்கா.

அக்கா: கண்ணாடி மாத்தணும் போல. சரி, எந்திரி, நேரமாச்சு. வண்டிச் சாவியை இங்கதானே வைச்சேன்...

தம்பி: போன வாரம் வேன்ல உன் பக்கத்துல உக்காந்து வந்தேன்ல. இடது பக்கம் சைக்கிள்ல ஒரு பொண்ணு வந்தா. நான் கத்தினப்புறம்தான் நீ பிரேக்கே போட்ட.

அக்கா: வெயில் கண்ணுல அடிச்சுது.

தம்பி: அன்னிக்கு மழைக்கா.

அக்கா: ...சாவியைக் குடு.

தம்பி: மாட்டேன். ஸ்கூலுக்குப் போன் பண்ணி வேற டிரைவரை அனுப்பச் சொல்லிட்டேன். இது ஆபீஸ் வேலையே இல்ல. உனக்காக ரெண்டு நாள் உக்காந்து செஞ்சேன். உனக்கு இடது பக்கம் தெரியலக்கா. அதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு...

அக்கா: தெரியும்டா. நாலு மாசமாத் தெரியும். இனிமே ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டார். அந்தச் சீட்டை மாமாகிட்டகூடக் காட்டல. இன்னிக்குக் காலையிலகூடப் பத்தொன்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போனேன்... முன்சீட்டுல இடது ஜன்னலோரம் ஒண்ணாங்கிளாஸ் பாப்பா ஒருத்தி உக்காருவா. அந்தப் பக்கம் ஏதாவது வந்தா 'ஆன்ட்டி'ன்னு கூப்பிடச் சொல்லியிருக்கேன். அவ கூப்பிட்டாத்தான்டா நான் திரும்பிப் பாக்குறேன்.