பேரன் என்றொரு குடும்பப் பெயர்

அறுபதுகளில் ஒரு மத்தியானம், திருச்சுழி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் கேட்டது.

"நம்ம கோயிலுக்கு வந்திருக்க வெள்ளக்காரச் சாமியாருக்குப் பேரே பேரனாம், ரோசலி."

"அறுபது வயசுலயா?" கைக்குழந்தையோடு இருந்தவள் சிரித்தாள்.

"ஸ்பெயினுல அது அவுக குடும்பப் பேராம். நியேத்தோன்னா பேரன்னு அர்த்தமாம். தாத்தா, அப்பன், பிள்ள, எல்லாருமே நியேத்தோதானாம்."

"நல்ல ஊரு மதினி. ஞாயித்துக்கெழம இவனுக்கு ஞானஸ்நானம். மாமா பேரத்தான் வைக்கணும்னு அத்த ஒத்தக் கால்ல நிக்கிறாக. மாமா பேர நான் எப்படி வாயால சொல்ல? பெத்த பிள்ளையப் பேரச் சொல்லி வையக்கூட முடியாது."

"அப்ப நீ நியேத்தோன்னு கூப்பிடு. சாமியாரு பேரு. உங்க அத்த என்ன சொல்லிருவாக?"

"போங்க மதினி, கேலி பண்ணாதீக."

அதற்குள் குழந்தை அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்துவிட்டது. வலியில் கத்தினாள்.

"ஏலே நியேத்தோ, விடுலே!"

முன்னால் தூங்கி வழிந்துகொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். ரோசலி சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினாள்.

"யார ஆத்தா வையிற?"

"உங்க பேரனத்தான், மாமா."

"அப்படின்னா நல்லா வையி" என்று பெரியவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.