லட்டுக் காட்சியில் சிரித்தவர்கள்

சிரிப்புப் படம் பார்ப்பதில் எனக்கொரு பழக்கம் உண்டு, ஐயா. மற்றவர்கள் சிரிக்கிற இடத்தில், எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று நான் யோசிப்பேன். அதனால் எனக்குச் சிரிக்கவே தெரியாதென்று சுன்னாகத்தில் சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. தரம் குறைந்ததற்கு நான் சிரிப்பதில்லை, அவ்வளவுதான்.

என் அண்ணை நமசிவாயம் எதற்கும் சிரிப்பார். சந்தையில் வெங்காயத் தரகர். கல்யாணம் கட்டாத நான் அவருடைய வீட்டில்தான் இருபத்தாறு வருடம் சாப்பிட்டேன். ஒரு குறையும் வைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்தே அவருக்கு முட்டு வருத்தம். தூசி, புகை ஆகாது; மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். மகன் சவூதியிலிருந்து வாயில் அடிக்கிற மருந்துப் பம்ப் அனுப்பிய பிறகுதான் நிம்மதியாக இருந்தார்.

நான் நாடகம் எழுதியவன். வாசிகசாலை ஆண்டு விழாக்களில் என்னுடைய ஏழு நகைச்சுவை நாடகங்கள் மேடையேறின. முன்வரிசையில் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். அவர் சிரித்தால் சனம் சிரித்திருக்கும். ஏழிலும் அவர் சிரிக்கவில்லை. கடைசி நாடகம் முடிந்து வீட்டுக்குத் திரும்புகையில் சைக்கிளை உருட்டியபடி சொன்னார்:

“தம்பி, நீ கெட்டிக்காரன். ஆனால் உனக்குப் பகிடி வராது. விட்டிடு.”

அன்பாகத்தான் சொன்னார். நானும் விட்டுவிட்டேன். அது நடந்து பதினொரு வருடம். அதை மனதில் வைத்திருந்தேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணை தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்தார். அயலட்டையில் முப்பது பேர் வந்து விறாந்தையை நிறைத்தார்கள். வெளிச்சம் படாமலிருக்கத் தட்டியெல்லாம் இறக்கிக் கட்டினோம். பின்னுக்கு இருந்தவர்கள் சுருட்டுப் பற்றவைத்தார்கள். அண்ணை மேற்சட்டை இல்லாமல் இடுப்பில் சாரத்தோடு என் பக்கத்தில் பாயில் இருந்தார். பம்பை என்னிடம் நீட்டி, “இதை உன்ரை பொக்கற்றிலை வைச்சிரு. நான் கேக்கேக்கை தா” என்றார்.

படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகைச்சுவை நடிகர் முதல் அரைமணித்தியாலத்தில் மூன்று தரம் சாணிக்குள் விழுந்தார். ஒருவன் விழுந்தால் அதற்கொரு காரணம் வேண்டும். இங்கே ஒன்றும் இல்லை. படம் முடியக் கிட்டத்தான் கல்யாண வீட்டுக் காட்சி. களவாக விழுங்கிய லட்டு அவருக்குத் தொண்டையில் சிக்குகிறது. கண் பிதுங்க, நெஞ்சில் அடித்துக்கொண்டு பந்தலைச் சுற்றி ஓடுகிறார். நாலு நிமிடம் அதையே காட்டினார்கள். நான் எழுதியிருந்தால் அரை நிமிடத்தில் முடித்திருப்பேன்.

அந்தக் காட்சியில் அண்ணை சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு இருமலும் வரவில்லை. நெஞ்சில் அடித்தார். கண் பிதுங்கியது. என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

நடிகர்களைப் போல் செய்து காட்டுவது அவருக்கு வழக்கம். முதலில் முருகேசு சிரித்தான். அடுத்த வீட்டுக்காரன் அவன். பிறகு எல்லாரும் பெட்டியை விட்டுவிட்டு அண்ணையைப் பார்த்துச் சிரித்தார்கள். குசினி வாசலிலிருந்து அண்ணையின் மனைவி, மச்சாள் கனகாம்பிகை, “என்ன, அவருக்கு ஏலாதோ?” என்று கேட்டா.

“ஒண்டுமில்லை மச்சாள். படத்திலை மாதிரிச் செய்து காட்டுறார்” என்றேன் நான்.

பம்ப் என் பொக்கற்றில் இருந்தது. அதன்மேல் என் கை இருந்தது. அந்த நேரத்தில் எனக்குள் ஒரு வசனம் தானாக வந்தது. பதினொரு வருடத்தில் அப்படி வந்ததில்லை. சரியான இடம் பார்த்துச் சொன்னேன்.

“காணும் அண்ணை, நிப்பாட்டுங்கோ. சனம் வயிறு நொந்து சாகப்போகுது.”

விறாந்தை அதிர்ந்தது. அப்படியொரு சிரிப்பை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. முருகேசு பாயில் விழுந்து புரண்டான். மச்சாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அண்ணை என் பொக்கற்றைப் பிடித்து இழுத்தார். நான் அவருடைய கையை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்தார். சிரித்துக் களைத்துப்போனார் என்று நினைத்தார்கள். படம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. அசையாமல் இருந்து பார்த்தேன். முடிவு இன்னும் மோசம்.

தட்டிகளை அவிழ்த்த பிறகுதான் மச்சாள் கத்தினா. அந்தக் குழப்பத்தில் பம்பை அறைக்குள் அவருடைய தலையணைக்குக் கீழே வைத்தேன். டொக்டர் முட்டு வருத்தம் என்று எழுதினார். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காமலே நான் ஏன் பொலிசுக்கு வந்தேன் என்கிறீர்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே முருகேசு சொன்னான்: “படமெண்டால் உது படம். சிரிக்க வைச்சே ஆளைக் கொண்டு போட்டுது.” மல்லாகம், இணுவில் எங்கும் இப்போது அந்தக் கசெற்றைத்தான் தேடி எடுக்கிறார்களாம். மூன்று மாதம் பொறுத்தேன். ஒன்றுக்கும் உதவாத படம், ஐயா. அன்றைக்கு அந்தச் சனத்தைச் சிரிக்க வைத்ததும் நான், என் அண்ணையைக் கொன்றதும் நான்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வசனத்தை நான் சொன்னபோது அண்ணை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணால் தண்ணீர் ஓடியது. என்னுடைய பகிடிக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.