மார்ச் கடைசியில் கட்டிய நூல்

என் கை எப்போதும் சூடாக இருக்கும். பிறவியிலிருந்தே அப்படித்தான். நோயாளியின் வயிற்றில் சில்லென்ற கையை வைத்தால் தசை கல்லாக இறுகிவிடும். உள்ளே என்ன இருக்கிறதென்று அப்புறம் கடவுளே வந்து தடவினாலும் தெரியாது. அதனால் என் மாணவிகளுக்கு முதல் பாடம், உள்ளங்கை இரண்டையும் தேய்த்துச் சூடாக்குவது. அதற்கும் முந்தின பாடம், கழுவுவது.

உங்கள் விசாரணைக் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் செவிலியர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட ராலித்ஸா, பெஞ்சோ என்ற நோயாளியைத் தொட்ட அன்று மணிக்கட்டில் மார்ச் நூல் கட்டியிருந்தாளா? ஆம் அல்லது இல்லை என்று எழுதினால் போதும் என்கிறீர்கள். அது எனக்குப் போதவில்லை. ஸ்தோயங்கா என்ற நான், அந்தப் பள்ளியில் இருபத்தாறு வருடம் உடல் பரிசோதனைப் பாடம் நடத்தியவள், கேட்டதற்கு மேலேயே எழுதுகிறேன்.

நான் சுரங்கத்து ஊரில் பிறந்தவள். அம்மா நிலக்கரியில் கல் பொறுக்கும் ஓடுபட்டைக்கு முன்னால் முப்பது வருடம் நின்றாள். அவள் விரல் இடுக்கில் ஏறிய கரி, சவப்பெட்டியில் வைத்து ஆணி அடிக்கும்போதும் போகவில்லை. நான்தான் தேய்த்துப் பார்த்தேன். நான் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் நாள் அவள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தக் கை இனிமே கரியைத் தொடக் கூடாதுடி," என்றாள். அந்தக் கோட்டு எனக்கு என்னவாக இருந்தது என்று புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சாக்குக்காக அல்ல.

மார்ச் ஒன்றாம் தேதி நம் ஊரில் யார் கையில்தான் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் இருக்காது? நலமாக இரு என்று சொல்லி ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்கிறோம். நாரையையோ பூத்த மரத்தையோ கண்ணால் காணும்வரை அவிழ்ப்பதில்லை. கண்ட பிறகு மரக்கிளையில் கட்டிவிடுகிறோம். வார்டில் அது ஆகாது. கம்பளி நூல் நனைந்தால் காயாது, கழுவினால் சுத்தமாகாது. வருடா வருடம் மார்ச் இரண்டாம் தேதி என் பன்னிரண்டு மாணவிகளையும் நூலை அவிழ்த்துப் பையில் குத்திவைக்கச் சொல்லி, நோட்டில் கையெழுத்தும் வாங்குவேன். அந்த வருடமும் வாங்கினேன். ராலித்ஸா கையெழுத்து மூன்றாவது.

அந்த வருடம் ஜெர்மனியில் இருக்கும் என் மகன் தபாலில் ஒரு நூல் அனுப்பியிருந்தான். மூன்று வருடமாகப் பேச்சில்லாதவன். மருமகள் கையால் முறுக்கிய தடித்த கம்பளி. இடது மணிக்கட்டில் கட்டி, கோட்டுக் கைக்குள் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டேன். யாருக்கும் தெரியவில்லை.

பெஞ்சோ பழைய சுரங்கத் தொழிலாளி. அவருடைய மண்ணீரல் தொப்புள்வரை வீங்கியிருந்தது. அப்படியொரு மண்ணீரல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். ஆனால் அவருக்குத் தொற்றும் வயிற்றுப்போக்கு வந்து, தனி அறையில் போட்டு, யாரும் உள்ளே வரக் கூடாதென்று கதவில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தார்கள். மறுநாள் மாணவிகளுக்குச் செய்முறைத் தேர்வு. மஞ்சள் காகிதத்தைப் பின்பக்கம் திருப்பி ஒட்டிவிட்டு அவர்களை உள்ளே கூட்டிப்போனேன்.

"வாங்க, வாங்க," என்றார் பெஞ்சோ. "என் வயிறுதான் இந்த ஊர் ராட்டினம். வரிசைல வந்து ஏறுங்க. தள்ளுமுள்ளு வேண்டாம்."

"வாயை மூடிக்கிட்டு மூச்சை இழுங்க, பெஞ்சோ," என்றேன்.

"முப்பது வருஷமா கரித்தூள இழுத்தவன். என்கிட்டப் போய் இழுக்கச் சொல்றியே."

மேலங்கி தீர்ந்துபோயிருந்தது. கையுறை இரண்டு ஜோடிதான் கிடைத்தது. ஒன்று எனக்கு. இன்னொன்றை ராலித்ஸாவுக்குக் கொடுத்தேன், ஏனென்றால் விரலில் கண் இருந்தது அவள் ஒருத்திக்குத்தான். மற்றவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். வயிற்றுக்கு மட்டும் வரிசை வேறு. முதலில் பார்க்க வேண்டும், பிறகு கேட்க வேண்டும், பிறகு தட்ட வேண்டும், கடைசியில்தான் தொட வேண்டும். தொட்டுவிட்டுக் கேட்டால் குடல் சத்தம் மாறிவிடும். மண்ணீரலுக்கு இடது கையை முதுகுப் பக்கம் விலாவுக்குக் கீழே கொடுத்துத் தூக்கி, வலது கையால் முன்னாலிருந்து அழுத்த வேண்டும். நான் தூக்கினேன். கோட்டுக் கை ஏறியது, நூல் இறங்கியது. கீழே விரிப்பு ஈரமாக இருந்தது.

அடுத்து ராலித்ஸா செய்தாள். சரியாகச் செய்தாள். எல்லோரும் வெளியே போன பிறகு, நான் விரிப்பை இழுத்துவிடும்போது பெஞ்சோ மெதுவாகச் சொன்னார்: "அம்மணி, உன் நூலு நனைஞ்சிருச்சு. என் அசிங்கம்தான். மன்னிச்சுக்க."

"தண்ணிதான், ஒண்ணுமில்ல," என்றேன்.

அந்த அறையில் குழாய் உடைந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்பிரிட் தேய்த்துக்கொண்டேன். வெளியே ராலித்ஸா தயங்கியபடி நின்றாள்.

"டீச்சர், இந்தக் கிருமிக்கு ஸ்பிரிட் கேக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க. சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும்னு."

பின்னால் யாரோ, "வந்துட்டாங்கப்பா பேராசிரியை," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

"கழுவிக்கலாம். சாப்பாடு வந்துட்டா யாரும் வயித்தத் தொட விடமாட்டாங்க. அடுத்த கட்டிலுக்கு வா."

அவள் வரவில்லை. தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும் கழுவறைக்கு ஓடினாள். அவ்வளவு தூரம் ஓடிக் கழுவியவள் அவள் ஒருத்திதான்.

பொது வார்டில் அடுத்த கட்டிலில் இருந்தது கேரா. இடுப்பெலும்பு அறுவைக்கு வந்தவள், வியாழக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டியவள். கைக்கு ஒன்றும் தட்டுப்படாத வயிறு எப்படியிருக்கும் என்று காட்டுவதற்காக அவளைத் தொட்டேன்.

"கை என்ன இப்படிச் சுடுது? ரொட்டி பிசைஞ்சிட்டு நேரா வந்துட்டியா?" என்று கேட்டாள். மகள் கொண்டுவந்திருந்த பனித்ஸாவை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டியை, என்னிடம் நீட்டினாள். "பிட்டு எடுத்துக்க. கூச்சப்படாத."

"நோயாளிதான் முதல்ல," என்று ஒரு துண்டு பிட்டு அவள் வாயில் வைத்தேன். என்னால் ஆன அன்பு அது. அதற்குள் ராலித்ஸா ஈரக் கையோடு வந்து சேர்ந்தாள். தாமதமாக வந்ததற்கு எல்லோர் முன்னாலும் அவளைக் கண்டித்தேன்.

நாலாம் நாள் கேராவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பிறகு அதே வார்டில் இன்னும் இரண்டு பேருக்கு. அந்த இருவரும் தேறினார்கள். பத்தாம் நாள் கேரா இறந்தாள். ராலித்ஸா வார்டுச் சுவரில் சாய்ந்து அழுததைப் பார்த்தேன்.

தொற்றுத் தடுப்பு டாக்டர் மிலேவ் அன்று சாயங்காலம் சொல்லி அனுப்பினார். அந்த வார்டில் கால் வைத்த எல்லோருடைய கை, மணிக்கட்டு, கோட்டுக் கை, எல்லாவற்றிலும் மறுநாள் காலை பஞ்சு ஒற்றிப் பரிசோதனை. வீட்டில் போய் என் நூலை அவிழ்த்துப் பார்த்தேன். வெள்ளை இழையில் காய்ந்த பழுப்புக் கறை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

போடாததற்குக் காரணம் இருக்கிறது. பெஞ்சோவைத் தொட்டது இரண்டே பேர், நானும் ராலித்ஸாவும். எதுவும் அகப்படாவிட்டால் எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேட்பார்கள். அவள் மஞ்சள் காகிதத்தைச் சொல்வாள், ஸ்பிரிட்டைச் சொல்வாள், சோப்பைச் சொல்வாள். பொய் சொல்லத் தெரியாத பெண். அப்படியானால் அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் பேச்சுக்கு மதிப்பில்லாமல் செய்துவிட வேண்டும். இதை நான் கோபத்தில் யோசிக்கவில்லை. சூப்புக்கு உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே யோசித்தேன்.

காலையில் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தினேன். அவள் கண் இன்னும் வீங்கியிருந்தது.

"கைய நீட்டு, ராலி."

"டீச்சர், வார்டுல நூல் கட்டக் கூடாதுல்ல?"

"இன்னைக்கு வார்டு இல்ல, கூட்டம்தான். என் பையன் அனுப்புனது. உனக்குத்தான் குடுக்கணும்னு தோணுச்சு. இந்த மாசம் உனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

கறையை உட்பக்கம் திருப்பி, இடது மணிக்கட்டில் இரண்டு முடிச்சு போட்டேன். நலமாக இரு, கன்னம் சிவக்க இரு என்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கட்டிய நூலை நம்மில் யாரும் மறுப்பதில்லை, கட்டியவர் முன்னால் அவிழ்ப்பதும் இல்லை. அவள் குனிந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

அரை மணி நேரத்தில் டாக்டர் மிலேவ் எல்லோரையும் கோட்டுக் கையை மேலே தூக்கச் சொன்னார். பதினோரு பேர் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. என்னுடையதும். முழங்கைவரை மூன்று முறை சோப்பு போட்டிருந்தேன்.

"என்ன இது?" என்றார் அவளிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் சொல்லவில்லை என்றதும், "டீச்சர்தான் இன்னைக்குக் காலைல கட்டினாங்க," என்றாள்.

"மார்ச் கடைசில யாராவது நூல் கட்டுவாங்களா, டாக்டர்?" என்றேன்.

யாரும் கட்டமாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும். நோட்டைக் காட்டினேன், மூன்றாவது கையெழுத்தைக் காட்டினேன். பெஞ்சோவைத் தொட்டுவிட்டு இந்த மாணவி கூட்டத்தை விட்டுத் தனியே எங்கோ போய்விட்டு வந்தாள் என்று அறிக்கையிலும் எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. எங்கே போனாள் என்று எழுதவில்லை, அவ்வளவுதான். பரிசோதனையில் நூலில் கிருமி இருந்தது. இருக்கும் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் காகிதத்தைத் திருப்பியது யார் என்று கேட்டபோதும் எல்லோர் கண்ணும் அவள் பக்கமே போனது. நான் தடுக்கவில்லை. பெஞ்சோவை யாரும் கேட்கவில்லை. மே மாதம் அவரும் போய்விட்டார்.

ராலித்ஸா இப்போது எங்கேயோ வெளிநாட்டில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் நிற்கிறாள் என்று உங்கள் கடிதத்தில்தான் பார்த்தேன். பட்டைக்கு முன்னால் பத்து மணி நேரம் நிற்கும் வேலை. அந்த வேலை கையை என்ன செய்யும் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே பதில்: இல்லை. பெஞ்சோவைத் தொட்ட அன்று அவள் கையில் நூல் இல்லை. என் கையில் இருந்தது. கேரா என் கையால் செத்தாள். ராலித்ஸாவின் பிழைப்பையும் நான்தான் கெடுத்தேன், தெரிந்தே. உங்கள் பதிவேட்டில் அவள் பெயரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், என் பெயரை அடித்துவிடுங்கள். எங்கே வேண்டுமானாலும் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நூலைக் கட்டும்போது அவள் நலமாக இருக்க வேண்டும் என்று நான் மனசாரத்தான் வேண்டிக்கொண்டேன்.