லட்டு இன்னும் வரல

ரோஹிணி: கைய இறுக்காதீங்க அக்கா. இறுக்கினா நரம்பு உள்ள போய் ஒளிஞ்சிக்கும்.

அலமேலு: நானா இறுக்கறேன்? ஊசியப் பாத்தாலே அது தானா மூடிக்குது சிஸ்டரம்மா.

ரோஹிணி: அப்ப பாக்காதீங்க. என் மொகத்தப் பாத்து பேசினே இருங்க. நகரியில எந்த பஸ் புடிச்சீங்க?

அலமேலு: மொத பஸ்ஸு. புத்தூர்ல ஏறினவங்க பூரா மலைக்குப் போறவங்க. பக்கத்துல ஒரு பொம்பள, என் மொட்டையப் பாத்துட்டு, வேண்டுதலான்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.

ரோஹிணி: பொய்யி.

அலமேலு: பாதி பொய்யி. முடி குடுத்தது நெசம் தான? இங்க மொத மருந்து ஏத்தறதுக்கு முன்னாடியே மேல போய் சாமிக்குக் குடுத்துட்டேன். மருந்துல கொட்டறத யாரும் பாக்க வேணாம் பாரு. திருப்பதி பக்கத்துல இருந்துக்கினு மொட்ட அடிச்சா யாரு ஏன்னு கேக்கப் போறாங்க?

ரோஹிணி: சரி, ஊசி போட்டாச்சு.

அலமேலு: எப்ப போட்ட?

ரோஹிணி: நீங்க பொய் சொல்லினு இருந்தப்ப.

அலமேலு: போம்மா... நல்லா பேச்சு குடுத்தே ஏமாத்தற.

ரோஹிணி: அதுக்கு தான சம்பளம். வஸ்தானம்மா, ரெண்டு நிமிஷாலு! ...பக்கத்து பெட்டு அம்மா கூப்புடறாங்க. இருங்க, மொதல்ல இத ஓட வுட்டுர்றேன்.

அலமேலு: இன்னிக்கும் செவப்பு மருந்து தானா?

ரோஹிணி: இன்னிக்கோட இது முடிஞ்சிடும். அதுக்கப்புறம் ஆபரேஷன். மார்ல கீற கட்டிய எடுத்துடணும்.

அலமேலு: ...லட்டு வந்துச்சா?

ரோஹிணி: பேச்ச மாத்தாதீங்க.

அலமேலு: அது தான முக்கியம்? மலையில சேவைக்குப் போறேன்னு சொல்லிட்டு இங்க வந்துக்கினு கீறேன். லட்டு இல்லாம எந்த மூஞ்சிய வச்சினு வூட்டுக்குப் போறது? ஒன் தம்பி இல்லாங்காட்டி மொத தபாவே மாட்டியிருப்பேன். மேல எங்க வேலைன்ன... லட்டு கவுண்டர்லயா?

ரோஹிணி: ம்... அங்க தான். இன்னிக்கி கொஞ்சம் லேட்டாவும்.

அலமேலு: சாயங்கால பஸ்ஸுக்குள்ள வந்துடும்ல?

ரோஹிணி: வந்துடும் அக்கா. அண்ணன் கையில லட்டு குடுத்தா இன்னா சொல்வாரு?

அலமேலு: எங்கூட்டுக்காரரா? ரெண்டு கையில வாங்கி கண்ணுல ஒத்திக்குவாரு. கோவிந்தாம்பாரு. அவரு மாதிரி ஒரு ஏமாளி நகரியிலயே கெடையாது.

ரோஹிணி: அப்டியா?

அலமேலு: கேளேன். போன தபா எதிர்வூட்டு கலைவாணி வந்து நோண்டறா... தரிசனம் எப்டி, கூட்டமா, எந்த வாசல்ல வுட்டாங்கன்னு. நான் லட்டுப் பைய அவுக்கற மாதிரி குனிஞ்சிக்கினேன். இவரு தறிய நிறுத்திட்டு உள்ள இருந்தே சொல்றாரு, மேல நல்ல மழை, இவ நனைஞ்சி வந்து கீறா, தூங்க வுடும்மான்னு.

ரோஹிணி: மழை பெஞ்சுதா?

அலமேலு: நெசமாவே பெஞ்சிருக்குது! மறுநா டிவியில காமிச்சான். இவரு எங்க பாத்தாரோ, எந்த புண்ணியமோ, நான் தப்பிச்சேன்.

ரோஹிணி: சாப்பாடு இன்னா பண்றீங்க? தாளிக்கற வாசன கொமட்டுதா?

அலமேலு: அதுவும் இப்ப இல்ல. வூட்ல தாளிப்பே நின்னு போச்சு. அவரே தயிர் சோறு பெசஞ்சி, மாதுளம்பழம் உரிச்சி பக்கத்துல வச்சிட்டு தறிக்குப் போயிட்றாரு. மலை ஏறி எறங்கின சூடுன்னு நெனச்சினு கீறாரு போல.

ரோஹிணி: ம்... அக்கா, ஒண்ணு கேக்கட்டா? மலையில மொட்ட போட்டா முடி எப்ப மொளைக்கும்?

அலமேலு: ஒரு வாரத்துல முள்ளு முள்ளா வந்துடும்.

ரோஹிணி: ஒங்களுக்கு மாசக்கணக்கா ஒரு முள்ளு கூட இல்ல. அண்ணன் பாக்கவே இல்லையா?

அலமேலு: முக்காடு போட்டுனு தான் கீறேன்... பாத்தா கேட்டிருக்க மாட்டாரா? போறப்பலாம் திரும்ப எடுக்கறேன்னு சொல்லிக்கலாம்னு பதில் கூட வச்சினு இருந்தேன். கேக்கவே இல்ல. அது தான்... ஒரு மாதிரியா கீது.

ரோஹிணி: நீங்க பேசுங்க. நான் கேட்டுனு தான் கீறேன்.

அலமேலு: போன வருசம் இதே திருப்பதியில தான் அவரு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்க. அந்த டாக்டரு என்னத் தனியா கூப்ட்டு, இவருகிட்ட அதிர்ச்சியா எதுவும் சொல்லிடாதம்மான்னாரு. அதுல இருந்து அவரு முன்னாடி ஒரு தட்டு கீழ வுழுந்தா கூட ஓடிப் போய் அவரு மொகத்தத் தான் பாப்பேன். அந்த நேரம் பாத்து எனக்கு இது. எப்டி சொல்வேன்? சொல்லி, நான் பொழைச்சி, அவரு...

ரோஹிணி: தண்ணி குடிங்க. மெதுவா.

அலமேலு: அதான் காலையில டாக்டருகிட்ட சொல்லிட்டேன். எனக்கு ஆபரேஷன் வேணாம்.

ரோஹிணி: தெரியும். நான் வந்ததும் டாக்டரு சொன்னாரு. கத்திக்கு பயமா அக்கா?

அலமேலு: கத்தி கெடக்குது. வூட்டுக்காரரு வந்து கையெழுத்து போடணுமாமே. அப்புறம் கூட இருந்து பாத்துக்கணுமாமே. அவரு இங்க வந்து நின்னா இது இன்னா வார்டுன்னு தெரிஞ்சிடாதா? அவரு நெஞ்சு தாங்காது சிஸ்டரம்மா.

ரோஹிணி: கட்டிய வுட்டா திரும்ப வளரும். இத்தினி நாள் நீங்க பட்டதெல்லாம் வீணாப் பூடும்.

அலமேலு: போவட்டும். அவரு இருக்கட்டும்.

ரோஹிணி: ...கையெழுத்து போட ஆளு வந்துக்கினு கீறாரு அக்கா.

அலமேலு: யாரு, ஒன் தம்பியா? வேத்து ஆளு போட்டா ஒத்துக்குவாங்களா?

ரோஹிணி: எனக்குத் தம்பியே கெடையாது.

அலமேலு: ...இன்னாது?

ரோஹிணி: ரெண்டு அக்கா. ரெண்டு பேரும் சித்தூர்ல கீறாங்க. மொத தபா, லட்டு இல்லாம போக முடியாதுன்னு நீங்க அழுதீங்க. எங்க வூட்டு சாமி ரூம்ல இருந்தத எடுத்துனு வந்து குடுத்தேன். சும்மா குடுத்தா வாங்க மாட்டீங்கன்னு தம்பின்னு சொன்னேன்.

அலமேலு: அப்ப... அதுக்கப்புறம் வந்ததெல்லாம்? சிஸ்டரம்மா, யாரு குடுத்தது?

ரோஹிணி: கைய ஆட்டாதீங்க, ஊசி நழுவிடும். நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல, அத மட்டும் நம்புங்க. ரெண்டாவது தபா நீங்க மயக்கத்துல கெடந்தப்ப, அவரா வந்து இந்த வார்டு வாசல்ல நின்னாரு. மொட்டையில முடி மொளைக்கல சிஸ்டர், அதான் பின்னாடி பஸ்ல வந்தேன்னாரு.

அலமேலு: யாரு...

ரோஹிணி: வாசல்லயே உக்காந்து அழுதாரு. அப்புறம் மொகம் கழுவிட்டு வந்து, அவளா சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாததாவே இருக்கட்டும், லட்டு மட்டும் நான் பாத்துக்கறேன்னாரு. நானும் சொல்லல. இன்னிக்கி நீங்க ஆபரேஷன் வேணாம்னதும் மனசு கேக்கல, போன் பண்ணிட்டேன். மேல கியூவுல நின்னுனு இருந்தாரு.

அலமேலு: எந்த கியூவு... அவரு வூட்ல தறி ஓட்டிக்கினு... ஐயோ, அந்த நெஞ்ச வச்சிக்கினு மலைக்கா...

ரோஹிணி: கதவாண்ட பாருங்க அக்கா.

கோவர்த்தனன்: பஸ்ல தான் போனேன் அலமேலு, படி ஏறல. நெஞ்சு நல்லாத் தான் கீது. கையெழுத்தும் போட்டுட்டேன். இந்தா லட்டு, பையில வச்சிக்க... வூட்டுக்குப் போனதும், எப்பவும் போல நீயே என் கையில குடு.