தனித்தனியாகப் போட்ட கணக்கு

மலைப்பாதையில் பஸ் ஏறினால் எனக்கு வாந்தி வரும். மலையடிவாரத்துக் காரவள்ளியில் அலுவலகம் வைத்திருந்தும் நான் ஒருமுறைகூடக் கொல்லிமலைக்கு மேலே போனதில்லை என்று யாரோ உங்களிடம் குற்றமாகச் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். மலைக்காற்றை நான் கணினியில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே அது மிகவும் மரியாதையாக நடந்துகொள்ளும்.

நாங்கள் செய்தது ஆளில்லாத சின்ன விமானம். அதன் இறக்கை பறக்கும்போதே உருமாறும்; மெதுவாகப் போக வளையும், வேகமெடுக்கத் தட்டையாகும். பாம்புக்கடி மருந்தை அதில் மேலே அனுப்புவது திட்டம். அதற்குமுன் இறக்கையைக் கணினியிலேயே பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும். காற்று எப்படித் தள்ளும் என்பது என்னிடம் வேலை பார்த்த மெர்சியின் கணக்கு. அந்தத் தள்ளலை இறக்கையின் சட்டமும் தோலும் தாங்குமா என்பது அவளோடு வேலை பார்த்த மோகன்ராஜின் கணக்கு. காற்று தள்ளினால் இறக்கை வளையும், இறக்கை வளைந்தால் காற்றும் வேறுமாதிரி தள்ளும். ஆகவே இரண்டையும் சேர்த்தே ஓட்ட வேண்டும் என்கிறது பாடப்புத்தகம்.

சேர்த்து ஓட்டினால் இறக்கை உதறியது. பிரித்துவிட்டேன். மெர்சிக்கு வளையாத இறக்கை, மோகன்ராஜுக்கு மாறாத காற்று. சண்டைக்காரப் பங்காளிகளைத் தனித்தனியாக விசாரித்தால் இருவருமே தங்கமானவர்கள்தானே. இரண்டு கணக்கும் அருமையாகத் தேறின.

மெர்சிக்குத்தான் பொறுக்கவில்லை. தானாகவே இரண்டையும் சேர்த்து ஓட்டி, மலை விளிம்பில் இறக்கை ஒடிவதை என் முன்னால் போட்டுக் காட்டினாள்.

"சார், தனியா விட்டா பாஸ் ஆகுதுங்க. சேர்ந்தா ஒடியுது. வானத்துல ரெண்டும் சேர்ந்துதானுங்க இருக்கும்."

நல்ல பெண். உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா என்று விடுமுறை கொடுத்து ஊருக்கு அனுப்பினேன். எங்கள் விமானத்தை வாங்க வந்த விருந்தினர்கள் நாமக்கல்லில் இறங்கியாயிற்று. அவர்களிடம் போய் இறக்கை உதறுகிறது என்றா சொல்வது?

அடுத்தது மருந்து. மலைமேல் வளப்பூர் நாடு என்ற ஊரின் சுகாதார நிலையத்தில் அது ஏற்கெனவே இருந்தது. மருந்து மேலேயே இருந்தால் விமானம் எதைத் தூக்கிக்கொண்டு போகும்? புது மருந்து வரப்போகிறது, பழையதைக் கீழே கொடுத்தனுப்பச் சொல்லி உத்தரவு என்று நர்ஸ் கிருஷ்ணகுமாரியிடம் சொன்னேன். அப்படி ஒரு உத்தரவு எங்கும் இல்லை.

"ஏனுங்க, நாலு பாட்டிலாச்சும் இங்க கெடக்கட்டுங்க. மழைக்காலமுங்க" என்றார்.

அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன்.

பிறகு ஒரு நோயாளிக்காகக் காத்திருந்தோம். அதிகம் காக்கவைக்கவில்லை. மிளகுத் தோட்டத்தில் பாப்பாயி என்ற பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டது என்று கிருஷ்ணகுமாரி போன் செய்தார். எங்கள் டிரைவர் அர்த்தனாரி கேட்காமலே வேனைக் கிளப்பினார். அணைக்கச் சொன்னேன். வேனில் மருந்து போவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். விருந்தினர்கள் நாமக்கல்லிலிருந்து வந்து, டீ குடித்து முடித்தபின் விமானத்தை ஏவினேன். இருந்த மருந்து முழுவதையும் அதிலேயே ஏற்றினேன், பெட்டி பாதி காலியாக இருந்தால் படத்தில் நன்றாக இருக்காது.

அழகாகத்தான் ஏறியது. இறக்கை வளைந்ததும் கை தட்டினார்கள். மலை விளிம்பில் சிக்னல் போனது. சிக்னல் போனாலும் எங்கள் திரை நிற்காது. கணக்குப்படி விமானம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே காட்டிக்கொண்டே இருக்கும்.

"கண்ணு சொருகுதுங்க. ஜீப் ஒண்ணு நிக்குது, கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துரட்டுங்களா?" என்று கிருஷ்ணகுமாரி மறுபடி போனில் கேட்டார்.

வேண்டாம், வந்துகொண்டே இருக்கிறது என்றேன். அவர் நம்பினார். ஜீப்பைத் திருப்பி அனுப்பினார்.

இறக்கை ஒடியும் என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் என்றுகூட மெர்சி காட்டியிருந்தாள். இதை நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். பாப்பாயியின் சாவுக்கு நான் போகாததற்குக் காரணம் அந்த வாந்திதான், வேறொன்றுமில்லை.

ஆனால் என்னைக் கொலைகாரன் என்று சொல்வதற்குமுன் என் கணினியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நான் தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் மருந்து சரியாகப் போய்ச் சேர்கிறது. பாப்பாயி பிழைத்துக்கொள்கிறாள்.